தோப்பில் விளக்கை அணைத்த பிறகு

கிருஷ்ணகிரி மாவட்டம் அரசம்பட்டி, பாரூர், போச்சம்பள்ளி வட்டாரத்தில் தென்னை வைத்திருப்பவர்கள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் பேச்சு காய் விலையில்தான் தொடங்கும். அடுத்த வெட்டு எப்போது, மண்டியில் என்ன சொன்னார்கள், வெள்ளை ஈ குறைந்திருக்கிறதா, மரமேற ஆள் கிடைத்தாரா என்று ஒரு சுற்று வரும். அது சீக்கிரம் தீர்ந்துவிடும். அதற்கப்புறம் ஓடுகிற பேச்சுதான் எனக்கு உயிர். ராத்திரி எந்த மரத்தில் மரநாய் ஏறி இளநீரைக் குடித்தது, ஏரியில் புதுசாக என்ன பறவை இறங்கியிருக்கிறது, தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானை எங்கே நிற்கிறது, சாயங்காலம் மேற்கே பளிச்சென்று தெரிந்தது வெள்ளியா வியாழனா என்று போய்க்கொண்டே இருக்கும்.

தென்னைக்குச் சம்பந்தமே இல்லாத ஊர்ப்பேச்சு என்று வீட்டில் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ராத்திரியில் தோப்பை எப்படி வைத்திருப்பது என்பதில் எங்கள் பழக்கம் இந்தப் பேச்சால்தான் மாறியது. அதை எழுதி வைத்தால் வேறு தோப்புக்காரர்களுக்கும் உதவும்.

எங்கள் கூட்டத்தில் வானத்தைப் பற்றிய பேச்சு சூடு பிடித்தது 2019 டிசம்பர் 26 அன்று காலை. அன்று சூரிய கிரகணம். கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல் பக்கமெல்லாம் நெருப்பு வளையமாகவே தெரிந்தது. எங்கள் பக்கம் வளையம் இல்லை, ஆனாலும் சூரியனில் பெரும்பகுதி மறைந்தது. கிரகணம் பார்க்கிற கண்ணாடி யாரிடமும் இல்லை. ஒன்பதரை மணி வாக்கில் தோப்புக்குள் வெயில் மங்கியபோது தங்கை மகள்தான் முதலில் கத்தினாள்: "மாமா, தரையெல்லாம் நகம் வெட்டிப் போட்ட மாதிரி இருக்கு!"

குனிந்து பார்த்தால், கீற்று இடுக்கு வழியாக விழுந்த வெளிச்சப் பொட்டு ஒவ்வொன்றும் ஒரு பிறை. மண்ணில் சாய்வாக விழுந்தவை கொஞ்சம் நீண்டிருந்தன. கிழக்குப் பார்த்த மோட்டார் ரூம் சுவரில் விழுந்தவை கச்சிதமான பிறைகள். காற்றில் கீற்று ஆடும்போது நூற்றுக்கணக்கான பிறைகள் சுவரில் சேர்ந்து ஆடின. சின்ன ஓட்டை வழியாக வருகிற ஒளி ஓட்டையின் வடிவத்தைக் காட்டாது, சூரியனின் வடிவத்தையே கீழே வரைந்து காட்டும். மற்ற நாட்களில் நிழலுக்குள் விழுகிற பொட்டுகள் வட்டமாக இருப்பதும் அதனால்தான். அடுத்த கிரகணத்துக்குத் தென்னந்தோப்பு வைத்திருப்பவர் யாரும் கண்ணாடி தேடி அலைய வேண்டாம். நிழல் விழுகிற இடத்தில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்தால் போதும், சூரியனை அண்ணாந்து பார்க்காமலே குழந்தைகள் பார்க்கலாம்.

அந்த நாளுக்குப் பிறகு, பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிற தம்பி ஒருவர் எங்களோடு நிரந்தரமாகச் சேர்ந்துகொண்டார். அவருக்கும் பாரூர் ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் தென்னை உண்டு. விளக்கு விவகாரத்தைக் கிளப்பியவர் அவர்தான்.

மோட்டார் ஒயரை வெட்டிக்கொண்டு போகிற திருட்டு அதிகமானபோது தோப்புக்குத் தோப்பு கம்பம் நட்டு எல்இடி ஃபோகஸ் விளக்கு கட்டினோம். விடிய விடிய எரியும். கரண்ட் செலவும் பெரிதாக இல்லை. தூரத்தில் இருந்து பார்த்தால் தோப்புகள் இருக்கிற இடமெல்லாம் வெள்ளை வெளேரென்று தெரியும். 2023 டிசம்பரில் தம்பி வந்து, "அண்ணா, பதினாலாம் தேதி ராத்திரி ஒரே ஒரு ராத்திரி எல்லாரும் விளக்கை அணைச்சு வைங்க, எரிகல் மழை வருது, அமாவாசை கழிஞ்ச இருட்டு, இந்த வருஷத்தை விட்டா இப்படி அமையாது" என்றார். சரி, ஒரு ராத்திரிதானே என்று ஒத்துக்கொண்டோம்.

அவர் சொன்னது மிதுன ராசி நட்சத்திரங்கள் பக்கம் இருந்து கிளம்புவது போலத் தெரிகிற ஜெமினிட் எரிகற்கள். ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் 13, 14 தேதிகளை ஒட்டி உச்சம் வரும். பெரும்பாலான எரிகல் மழை வால் நட்சத்திரம் விட்டுப்போன தூசியால் வருவது. இது 3200 ஃபேத்தான் என்ற சிறுகோளின் தூசி. 1983-ல் கண்டுபிடித்தார்கள். சூரியனை ஒன்றரை வருடத்துக்கும் குறைவான காலத்தில் ஒரு சுற்று சுற்றிவிடுகிறது. அது சிந்திய துகள்கள் கிடக்கிற பாதையைப் பூமி டிசம்பரில் கடக்கும்போது அவை காற்றில் உரசி எரிகின்றன.

எங்கே இருந்து பார்ப்பது என்பதில்தான் முதல் பாடம். தென்னைக்கு அடியில் படுத்து வானம் பார்க்கவே கூடாது. கீற்று மறைப்பது ஒரு பக்கம், நெற்றோ மட்டையோ எப்போது விழும் என்று சொல்ல முடியாது, டிசம்பர் காற்று வேறு. காய் காயவைக்கிற களம் நல்ல இடம். ஏரிக்கரையும் நல்லது. இரண்டாவது, பாயை விரித்துத் தரையில் படுக்கக் கூடாது. கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடுகிற பாம்பு. அது கடித்தால் பல நேரம் வலியே தெரியாது, வீக்கமும் இருக்காது. தூங்குகிறவர் கடிபட்டதே தெரியாமல் விடியற்காலையில் கண் இமை தொங்கி, மூச்சு முட்டும்போதுதான் வீட்டில் விழித்துக்கொள்வார்கள். அதனால் கயிற்றுக் கட்டில்தான். கட்டிலைத் துணிமணி தரையில் தொங்காதபடி போட்டுக்கொண்டு, கால் வைக்கும் முன் டார்ச் அடித்துப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். இதை மரமேறுகிற அண்ணன் கறாராகச் சொன்னார், நாங்களும் கேட்டுக்கொண்டோம்.

மூன்றாவது, கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் பிடிக்கும். நடுவில் யாராவது செல்போனைத் திறந்தால் அவ்வளவுதான், மறுபடி முதலில் இருந்து. தம்பி டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பு மடித்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். சிவப்பு வெளிச்சம் இருட்டுப் பார்வையை அதிகம் கெடுக்காது, வழியும் தெரியும்.

பத்து மணிக்கு மேல் மேகம் வந்து வந்து போனது. மேகம் விலகின நேரத்தில் பார்த்ததை இன்னமும் பேசிக்கொண்டிருக்கிறோம். வேகமாக மின்னி மறைகிற எரிகல்லைத்தான் அதுவரை பார்த்திருந்தோம். இவை கொஞ்சம் நிதானமாகப் போயின, வானத்தின் பாதி தூரம் கோடு இழுத்துப் போனதும் உண்டு. ஒன்று பச்சை கலந்த வெள்ளையாக எரிந்து களத்தில் எங்கள் நிழலை ஒரு கணம் விழவைத்தது. அதைப் பார்த்து பெரியப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். எழுபது வயதைத் தாண்டியவர், இருட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். "எங்க காலத்துல தினமும் இந்த வானம்தான்டா இருந்துச்சு" என்றார்.

மறுநாள் சாயங்காலம் பழையபடி விளக்கைப் போட யாருக்கும் மனசு வரவில்லை. ஆனால் மனசு மட்டும் போதாதே, திருட்டுக்கு என்ன பதில்? இந்த இடத்தில் மரமேறுகிற அண்ணன் சொன்ன ஒரு விஷயம்தான் தராசைச் சாய்த்தது. விளக்குக் கம்பத்தைச் சுற்றி இருக்கிற மரங்களில்தான் காண்டாமிருக வண்டு வெட்டு அதிகம் என்றார். வருஷக்கணக்காக மரத்தின் தலையில் ஏறி உட்கார்ந்து பார்ப்பவர். விரிந்த மட்டையில் இரண்டு பக்கமும் ஒரே அளவில் முக்கோண வெட்டு விழுந்திருந்தால் அது காண்டாமிருக வண்டு வேலை. குருத்து சுருண்டிருக்கும்போது அது துளைத்துப் போகும், மட்டை விரியும்போதுதான் நமக்கு வெட்டாகத் தெரியும்.

காண்டாமிருக வண்டு இரவில் பறப்பது, வெளிச்சத்துக்கு வருவது. கோடை மழையும் பருவமழையும் தொடங்கும்போது விளக்குப் பொறி வைத்துப் பிடிக்கச் சொல்லி வேளாண் துறையில் சொல்வதே அதனால்தான். பொறி வைத்தால் வந்த வண்டு தண்ணீரில் விழுந்து சாகும். பொறி இல்லாமல் விளக்கு மட்டும் எரிந்தால்? அக்கம்பக்கத்து வண்டையும் வரவழைத்து, வந்ததற்குப் பக்கத்திலேயே குருத்தையும் கொடுத்தது போலத்தான். அடுத்த ஜூன் மழைக்குப் பிறகு அணைக்காமல் விட்டிருந்த ஒரு கம்பத்தின் அடியில் காலையில் போய்ப் பார்த்தோம். கருத்துப் பளபளத்த வண்டுகள் மல்லாந்து கால் உதைத்துக்கொண்டு கிடந்தன. ஒன்றைக் கையில் எடுத்தால் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. முன்னங்கால் முள்ளில் அவ்வளவு பலம். ஆண் வண்டின் கொம்பு பின்னோக்கி வளைந்திருக்கும். அந்த முன்னங்கால்களை வைத்துக்கொண்டுதான் குருத்தைத் தோண்டுகிறது என்பது அப்போது நன்றாகவே விளங்கியது.

இப்போது எங்கள் ஏற்பாடு இதுதான். தோப்புக்குள் விடிய விடிய எரிகிற விளக்கு இல்லை. மோட்டார் ரூம் வாசலில் ஆள் நடமாட்டம் தெரிந்தால் மட்டும் எரிகிற சென்சார் விளக்கு ஒன்று, கீழ்நோக்கி. சும்மா எரிந்துகொண்டே இருக்கிற விளக்கை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, திடீரென்று எரிகிற விளக்கு வீட்டு நாயையும் எழுப்பிவிடும், ஆளையும் எழுப்பிவிடும். மழைக்காலத் தொடக்கத்தில் மட்டும் தோப்பை விட்டுத் தள்ளி, களத்து ஓரத்தில் விளக்குப் பொறி. அகலமான சட்டியில் தண்ணீர், மேலே கொஞ்சம் மண்ணெண்ணெய், முன்னிரவில் இரண்டு மூன்று மணி நேரம், அப்புறம் அணைத்துவிடுவது. எருக்குழியைக் கிளறி இந்த வண்டின் வெள்ளைப் புழுக்களைப் பொறுக்குவதும், அந்தப் புழுக்களைக் கொல்லுகிற மெட்டாரைசியம் பூஞ்சணம் தெளிப்பதும், வேப்பங்கொட்டைத் தூளும் மணலும் ஒன்றுக்கு இரண்டு பங்கு கலந்து மரத்துக்கு 150 கிராம் என்று நடுக்குருத்தை ஒட்டிய மூன்று மட்டைகளின் கக்கத்தில் போடுவதும் பழையபடிதான். விளக்கை அணைத்ததாலேயே வண்டு ஒழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். விருந்துக்குக் கூப்பிடுவதை நிறுத்தினோம், அவ்வளவுதான். எருக்குழியை விட்டுவிட்டு விளக்கை மட்டும் அணைக்கிறவருக்கு ஒரு பலனும் கிடைக்காது.

விளக்கு போனதும் மின்மினி தெரிய ஆரம்பித்தது. அவை முன்பே இருந்தனவா, புதிதாக வந்தனவா என்று எங்களுக்குள் ஒரு பெரிய விவாதமே நடந்தது. மின்மினி மினுக்குவது ஜோடி தேடத்தான், வெள்ளை வெளிச்சத்தில் ஒன்றின் சைகை இன்னொன்றுக்குத் தெரியாது. அதனால் இரண்டும் உண்மையாக இருக்கலாம் என்பது என் கட்சி. பிள்ளைகளுக்கு இந்த விவாதமெல்லாம் தேவைப்படவில்லை, மழைக்காலத்தில் வாய்க்கால் ஓரமே கதி என்று இருக்கிறார்கள்.

கூகை ஆந்தை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை விரட்டுகிறவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். முகம் வெள்ளையாக, நெஞ்சும் வெள்ளையாக, சத்தமே இல்லாமல் பறக்கும். சீறுகிற குரல். அதைச் சாவுக் குருவி என்று சொல்லி, வீட்டுக்கு மேலே பறந்தாலே கல்லெறிவார்கள். பழைய கிணற்றுப் பொந்தில் ஒரு ஜோடி இருந்தது. கிணற்று மேட்டில் கருப்பாக, கட்டைவிரல் நீளத்தில் உருண்டை உருண்டையாகக் கிடந்ததை எச்சம் என்றுதான் ஒதுக்கி வைத்திருந்தோம். தம்பி ஒன்றை எடுத்துத் தண்ணீரில் ஊறவைத்துக் குச்சியால் பிரித்தார். முழுக்க முழுக்க எலி மயிர். அதற்குள் மூன்று மண்டை ஓடுகள், மஞ்சள் படிந்த முன்பற்கள் அப்படியே வளைந்து நீட்டிக்கொண்டிருந்தன, விலா எலும்புகள் நூல் கணக்காகக் கிடந்தன. கூகை எலியை முழுசாக விழுங்கும், செரிக்காத மயிரையும் எலும்பையும் உருட்டி வாய் வழியாகத் துப்பிவிடும். துப்பியதைக் கண்ணால் பார்த்த பிறகு பெரியப்பாகூடக் கூகையைத் திட்டுவதை விட்டுவிட்டார்.

தென்னைக்கு எலி என்ன செய்யும் என்பது எல்லோருக்கும் தெரியும். குரும்பையிலும் இளங்காயிலும் காம்புப் பக்கம் வட்டமாக ஓட்டை போட்டுக் குடித்துவிட்டுத் தள்ளிவிடும். தரையில் இருந்து 2 மீட்டர் உயரத்தில் 40 சென்டிமீட்டர் அகலத் தகரத்தை மரத்தைச் சுற்றி அடித்தால் எலி ஏறாது. ஆனால் மட்டைகள் ஒன்றோடொன்று உரசுகிற நெருக்கத் தோப்பில் ஒரு மரத்தில் ஏறிவிட்டால் போதும், மேலேயே ஊர்வலம் போகும். அந்த மாதிரித் தோப்புக்குக் கூகைதான் காவல். எலிக்கு விஷம் வைத்தால் தடுமாறித் திரிகிற எலியைக் கூகை பிடித்துத் தின்னும், விஷம் அதற்கும் போய்ச் சேரும். அதனால் கூகை இருக்கிற தோப்பில் விஷக் கட்டி வேண்டாம் என்று எங்களுக்குள் பேசி முடிவெடுத்தோம். ஒருவர் மட்டும் நிறுத்திப் பிரயோசனமில்லை, கூகைக்கு வேலி தெரியாது.

இருட்டை ஆதரித்துப் பேசுவதால் இருட்டில் வெறுங்காலோடு நடக்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வெளிச்சம் கம்பத்தில் இருப்பதை விடக் கையில் இருப்பதுதான் நடப்பவருக்கு உதவி. மும்முனைக் கரண்ட் ராத்திரி வருகிற நாட்களில் வாய்க்கால் மடை மாற்றப் போகிறவர் டார்ச், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் தடி மூன்றும் இல்லாமல் இறங்கக் கூடாது. கண்ணாடிவிரியன் மட்டைக் குவியலில்தான் சுருண்டு கிடக்கும், அதன் தோல் சருகோடு சருகாக இருப்பதால் பகலிலேயே தெரியாது. பாத்தியில் மூடாக்குப் போடுவது தென்னைக்கு நல்லதுதான், நானும் போடுகிறேன். மூடாக்கில் கை விடும் முன் தடியால் தட்டிப் புரட்ட வேண்டும்.

பக்கத்துத் தோப்பில் மட்டை பொறுக்கிய அக்காவைப் பொழுது சாயும் நேரத்தில் விரியன் கணுக்காலில் கடித்துவிட்டது. கட்டுப் போடு, கீறி ரத்தத்தை எடு, வேர் கொடுக்கிற ஆளிடம் கூட்டிப் போ என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அவர் மகன் யார் பேச்சையும் கேட்கவில்லை. கொலுசையும் மெட்டியையும் கழற்றி, காலை அசையாமல் வைத்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு, 108-க்குப் போன் போட்டார். ஆஸ்பத்திரியில் ஊசிக்கு முன் கொஞ்சம் ரத்தத்தை எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைத்தார்கள். பிறகு சாய்த்துப் பார்த்தபோது ரத்தம் தண்ணீராகவே ஓடியது. உறையவில்லை என்றால் கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் மாதிரிப் பாம்பின் விஷம் உடம்பில் ஏறிவிட்டது என்று அர்த்தம். உடனே விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். அக்கா இப்போது நன்றாக இருக்கிறார்.

அந்த மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே மருந்து. அதனால் பாம்பை அடித்துக் கையோடு கொண்டுபோக வேண்டிய அவசியமே இல்லை, தேடுகிற நேரத்தில் இன்னொருவர் கடிபடுவார். மருந்து தயாரிக்கத் தேவைப்படும் விஷத்தை எடுத்துத் தருவதில் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருக்கிற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இருளர் சமூகத்துப் பாம்புபிடி வல்லுநர்கள் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் கூட்டத்தில் காய் விலையை யாரும் எடுக்கவே இல்லை.

யானையைப் பற்றி எங்களுக்குக் கிடைப்பதெல்லாம் சம்பந்தி வழிச் செய்திதான். தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, சானமாவு பக்கம் உறவு இல்லாதவர் எங்களில் குறைவு. ராகி முற்றுகிற காலத்தில் கர்நாடகக் காடுகளில் இருந்து கூட்டம் கூட்டமாக இறங்கும். தென்னங்கன்று வைத்தவர் பாடு திண்டாட்டம்தான், இளமரத்தைச் சாய்த்துக் குருத்தை மட்டும் தின்றுவிட்டுப் போய்விடும். நான்கு வருஷ உழைப்பு ஒரு ராத்திரியில் போகும்போது வருகிற ஆத்திரம் எனக்குப் புரிகிறது. அதற்காக வேலியில் நேரடியாகக் கரண்ட் கொடுப்பதை ஏற்க முடியாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே அப்படி ஒரு வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. தப்பிய இரண்டு குட்டிகள், செத்துக் கிடந்தவற்றைச் சுற்றிச் சுற்றி வந்தன. அந்தப் படத்தைப் பார்த்த வீட்டுப் பெண்கள் அன்று சமைக்கவில்லை. அந்தக் கம்பியில் மனுஷன் கை பட்டாலும் அதே கதிதான். சோலார் வேலி விட்டு விட்டு ஒரு துடிப்பு கொடுக்கும், உதறித் தள்ளும், கொல்லாது. அதையும் முறைப்படி பதிவு செய்து போட வேண்டும். யானை வந்தால் பட்டாசு, டார்ச் என்று கிட்டப் போகாமல் வனத்துறைக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் இருப்பதே வழி.

மழைக் குறி பார்ப்பது எங்கள் பெரியவர்களுக்கு ரத்தத்தில் ஊறியது. அகல் வட்டம் பகல் மழை என்பார்கள். நிலாவைச் சுற்றிப் பெரிய வட்டம் கட்டினால் மழை கிட்டே என்று கணக்கு. கையை நீட்டி விரல்களை விரித்து, கட்டை விரலை நிலா மேல் வைத்தால் சுண்டு விரல் நுனி வட்டத்தின் விளிம்பைத் தொடும், ஏறக்குறைய 22 பாகை. மிக உயரத்தில் இருக்கிற மெல்லிய மேகத்தின் பனித்துகள்கள் நிலா வெளிச்சத்தை அந்தக் கோணத்தில் வளைக்கின்றன. மழை கொண்டுவருகிற மேகக் கூட்டத்துக்கு முன்னால் அந்த மெல்லிய மேகம் வருவது உண்டு என்பதால் குறி பல நேரம் பலிக்கும். ஆனால் எவ்வளவு மழை என்று வட்டம் சொல்லாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் எங்கள் மேல் வந்து நின்றபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த அளவை எந்தப் பெரியவரும் எதிர்பார்க்கவில்லை. குறியும் பார்க்கலாம், வானிலை அறிக்கையையும் கேட்க வேண்டும்.

வானம் பார்க்கிறவர்களில் எங்களுக்கெல்லாம் முந்திக்கொள்பவர் பால் ஊற்றுகிற அக்கா. ஐந்து மணிக்கே சைக்கிளில் கிளம்பிவிடுவார். 2024 அக்டோபர் தொடக்கத்தில், "கிழக்கால அடிவானத்துல புகை கணக்கா ஒண்ணு நிக்குது, என்னன்னு அந்த வாத்தியார் தம்பியக் கேளுங்க" என்றார். சூச்சின்ஷான்–அட்லஸ் வால் நட்சத்திரம் அது. மறுநாள் விடியலில் நாங்களும் ஏரிக்கரையில் நின்று பார்த்தோம். பேப்பரில் படித்திருந்த எங்களுக்கு முன்னால் அக்கா கண்ணில் பட்டுவிட்டது.

எங்களுக்கு வடகிழக்கே, ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் செயல்பாட்டுக்கு வந்தது. யுரேனஸுக்கு வளையம் உண்டு என்று 1977-ல் தெரியவந்தபோது காவலூரில் இருந்து செய்த பதிவும் அதற்குக் கைகொடுத்தது. 1988-ல் அங்கே கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர் வைத்தார்கள். இருட்டு வேண்டும் என்றுதான் அந்த மலையைத் தேடிப் போனார்கள். அவர்கள் தேடிப் போன இருட்டில் ஒரு பங்கு நம் தோப்பிலும் இருந்தது, அதை நாமே விளக்குப் போட்டு விரட்டுவானேன் என்று தம்பி கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது.

பனை மரத்தை விட்டுவிட்டு இந்தப் பேச்சை முடிக்க மனமில்லை. வரப்புப் பனைகளில் காய்ந்த ஓலையை முழுக்கக் கழித்துவிடாதீர்கள். தொங்குகிற ஓலையின் அடிப்பக்கத்தில் பனை உழவாரன் எச்சிலால் இறகையும் பஞ்சையும் ஒட்டிக் கூடு கட்டும். அந்தி நேரத்தில் கொசுவையும் ஈயையும் பறந்தபடியே பிடித்துத் தின்கிற பறவை அது. கிணற்றுக்கு மேலே தொங்குகிற மட்டையில் தூக்கணாங்குருவி கட்டும். ஆண்குருவி பாதிக் கூடு வரை கட்டிவிட்டு நிறுத்தி, பெண் வந்து பார்த்துப் பிடித்தால்தான் மீதியை முடிக்கும். உள்ளே களிமண்ணும் அப்பி வைக்கும். வெட்டு சமயத்தில் அந்த மட்டையை மட்டும் விட்டுவிடச் சொல்லி மரமேறுகிற அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். ஒரு மட்டையால் விளைச்சல் குறைந்துவிடாது.

2025 செப்டம்பர் 7 அன்று முழுச் சந்திர கிரகணம் வந்தபோது முதல்முறையாக வீட்டுப் பெண்களும் களத்துக்கு வந்தார்கள். ராத்திரி ஒன்பது ஐம்பத்தேழுக்குப் பிடிக்க ஆரம்பித்து, பதினொரு மணியில் இருந்து பன்னிரண்டு இருபத்துமூன்று வரை நிலா செம்புச் சிவப்பில் நின்றது. பூமியின் காற்று வழியாக வளைந்து போகிற வெளிச்சத்தில் சிவப்பு மட்டும்தான் நிலா வரை போய்ச் சேரும். கிரகண நேரத்தில் சாப்பிடலாமா, மருமகள் வெளியே வரலாமா என்று பேச்சு வந்தது. தம்பி வாதாடவில்லை, கொண்டுவந்த கடலை உருண்டையைப் பிரித்து எல்லோருக்கும் நீட்டினார். சிலர் சாப்பிட்டார்கள், சிலர் கிரகணம் விடட்டும் என்று மடியில் வைத்துக்கொண்டார்கள். மருமகள் திண்ணையில் உட்கார்ந்து கடைசி வரை பார்த்தார்.

2026 டிசம்பர் 13 ராத்திரி மறுபடி ஜெமினிட் வருகிறது. டிசம்பர் 9 அமாவாசை என்பதால் பிறை முன்னிரவிலேயே மறைந்துவிடும், அதற்கப்புறம் விடியும் வரை நல்ல இருட்டு. நள்ளிரவுக்கு மேல் மிதுனம் தலைக்கு மேலே வரும்போதுதான் கொட்டும். பாரூர் ஏரிக்கரைத் தோப்புக்காரர்கள் எல்லோரிடமும் விளக்கை அணைக்க இப்போதே சொல்லி வைத்திருக்கிறோம், இரண்டு பேர் மட்டும் இன்னும் யோசிக்கிறார்கள். வருகிறவர்கள் கட்டிலும் கம்பளியும் கொண்டுவர வேண்டும், டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் எங்களிடம் இருக்கிறது.